சோம்பேறி நர்ஸ்

"சும்மா உக்காந்து சீட்டாடறதுக்கா இந்த ஆஸ்பத்திரியில சம்பளம் குடுக்கறாங்க?"

செல்லக்கண்ணு கேட்டது மனைவி பாப்பம்மாளிடம்தான். ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது.

சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது கால் பிசகி விழுந்ததில் அவருக்கு முழங்கால் முறிந்திருந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. காலமெல்லாம் டாக்சி ஓட்டியவர். ஏறினவர்களை இறங்கும்வரை திருத்திக்கொண்டே வந்து பழக்கம்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள் பாப்பம்மாள்.

"எதுக்கு மெதுவா? அங்க பாரு."

பக்கத்துக் கட்டிலில் கபிலன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் பையன். என்னப்பா உடம்புக்கு என்று கேட்டதற்கு, காய்ச்சல் என்றிருந்தான். அவன் கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தான் நர்ஸ் சரத்.

"காலையிலேருந்து இதான். தண்ணி வேணும்னு கேட்டேன். ரெண்டடி தள்ளி உக்காந்துகிட்டு, 'பெல் அடிங்க அங்கிள், வேற ஆளு வருவாங்க'ங்கிறான். நாற்காலியில பசையா தடவியிருக்கு?"

"வேற ஆளு வந்தாங்களா?"

"வந்தாங்க."

"தண்ணி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. அதுவா இப்பப் பேச்சு? அந்தத் தம்பி பாத்ரூம் போனாக்கூட இவன் கதவுகிட்டயே நின்னுகிட்டு கிரிக்கெட் கதை அளக்கறான். கல்யாணமான புதுசுல நானே உன்கூட அவ்ளோ பேசினதில்ல லா."

"நீங்க எங்க என்கூடப் பேசினீங்க? பாசஞ்சர்கூடத்தானே பேசினீங்க," என்றபடி பாப்பம்மாள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போன கையோடு வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார், அதற்குப் பொறுப்பான சிஸ்டர் நூருன்னிசா. செல்லக்கண்ணு பிடித்துக்கொண்டார்.

"இந்த ஆளை மாத்துங்க சிஸ்டர். இல்லேன்னா நான் மேல எழுதிப் போட்டுடுவேன். அப்புறம் இவனுக்கு வேலை போச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது."

சிஸ்டர் சரத்தைப் பார்த்தார். சரத் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"ஸாரி அங்கிள். ஆட்டத்துல இருந்துட்டேன்."

"நான் பேசறேன் அங்கிள்," என்றார் சிஸ்டர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

செல்லக்கண்ணு வெற்றியோடு தலையணையில் சாய்ந்தார்.

"அங்கிள்." கபிலனின் குரல், தணிந்து. "அவரப் பத்தி எழுதிடாதீங்க. அவரு வேலைதான் பாக்கறாரு."

"சீட்டாடறதா வேலை?"

"வேணாம் கபிலன்," என்றான் சரத். "நீங்க சொல்லணும்னு இல்ல. திட்டிட்டுப் போகட்டும்."

"இல்லண்ணே, சொல்றேன்." கபிலன் செல்லக்கண்ணு பக்கம் திரும்பிப் படுத்தான். "அவரு வேலையே நான்தான் அங்கிள். எனக்குக் காய்ச்சல் இல்ல. மனசு சரியில்ல, ரொம்ப நாளா. செத்துடலாம்னு இருந்தேன். அப்பத்தான் இங்க கொண்டாந்து சேத்தாங்க. ஒரு நிமிஷம்கூட என்னைத் தனியா விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பாத்ரூம் வாசல் வரைக்கும் ஒரு ஆள் கூடவே இருக்கணும்."

செல்லக்கண்ணு தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"வந்தன்னிக்கே கேட்டாரு. 'செத்துடலாம்னு இப்பவும் தோணுதா?' சுத்தி வளைக்காம, நேரா. அதுவரைக்கும் என்னை அப்படி யாரும் கேட்டதே இல்ல. தோணுதுன்னேன். பதறல, புத்தி சொல்லல. 'சரி, நான் கூட இருக்கேன்'னாரு."

"அப்ப இந்தச் சீட்டு?"

"பக்கத்துல ஒருத்தர் காவல் மாதிரி உக்காந்திருந்தா எல்லாரும் என்னையே பாப்பாங்களேன்னு அழுதேன். மறுநாள் சீட்டுக் கட்டோட வந்தாரு. 'இனிமே எல்லாரும் என்னைப் பாப்பாங்க'ன்னாரு."

சரத் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லக்கண்ணு கேட்டார், அவர் குரலா என்று சந்தேகப்படும்படி மெதுவாக. "இப்ப எப்படிப்பா இருக்கு?"

"பரவால்ல அங்கிள். நேத்துலேருந்து பசிக்குது." கபிலன் லேசாகச் சிரித்தான். "ஆனா சாயங்காலம் ரூம் பசங்க வருவாங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது. அவங்ககிட்ட நானேதான் சொல்லணும். கொஞ்சம் தெம்பு வரட்டும், சொல்லிடுவேன்."

சாயங்காலம் வந்தார்கள். தேக்கா கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்த புரோட்டா பொட்டலத்தின் மணம் வார்டைத் தூக்கியது. கபிலன் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தான். பேச்சும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவர்களில் மூத்தவனான ரகுபதி நாற்காலியை விட்டு நகராத சரத்தை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு செல்லக்கண்ணு பக்கம் குனிந்தான்.

"ஏன் அங்கிள், இந்த நர்ஸ் நாங்க வந்ததுலேருந்து எங்க ஆளு பக்கத்துலயே உக்காந்திருக்காரே. மத்த யாருக்கும் இப்படி இல்லையே. ஏதாவது பெரிய விஷயமா?"

கபிலனின் கை புரோட்டாவில் அப்படியே நின்றது. சரத் தலையை நிமிர்த்தினான்.

செல்லக்கண்ணு வார்டு முழுக்கக் கேட்கிற தன் பழைய குரலை எடுத்தார்.

"அட, நீ வேற தம்பி. சரியான சோம்பேறி லா அவன். எத்தன தடவ கம்ப்ளெய்ன் பண்ணியும் நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறான்."