தண்ணீர் முறை

"ஐயோ… அம்மா… வயிறு!"

கஸ்தூரி அடுப்படியிலேயே சுருண்டு குந்திக்கொண்டாள். மண்வெட்டியோடு வாசலைத் தாண்டிய ராஜேந்திரனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னிக்குத்தான் வலிக்கணுமாடி? தண்ணி நாளுன்னு தெரியுமில்ல?"

"வயித்துக்கு அது தெரியுமா? முடியலங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க."

நேற்றிலிருந்தே அவன் இந்த நாளுக்காகக் கறுவிக்கொண்டிருந்தான். ஆரம்பித்து வைத்தது, ஆறாவது படிக்கும் மகள் கவிநிலாவின் வீட்டுப்பாடம்.

"வீட்டுல இருந்தே ஒரு மீச்சிறு பொது மடங்கு கணக்கு எழுதினு வரச் சொன்னாங்கப்பா. நான் நம்ம கிணத்தையே எழுதிட்டேன். நமக்கு நாலு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி. பெரியப்பாவுக்கு ஆறு நாளைக்கு ஒருவாட்டி. நாலு, எட்டு, பன்னெண்டு. ஆறு, பன்னெண்டு. அப்போ பன்னெண்டு நாளைக்கு ஒருவாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வரும். நாளைக்கு அந்த நாளுதாம்பா!"

மகளுக்கு விடை வந்த சந்தோஷம். அப்பனுக்கு ரத்தம் சூடேறியது.

அடி அண்ணாமலையில் அண்ணன் தம்பி இருவரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியுமா? அண்ணன் பரசுராமனின் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஆறு நாளைக்கு ஒரு முறை, தம்பியின் சாமந்திக்கு நாலு நாளைக்கு ஒரு முறை என்று ஊர்ப் பெரியவர்கள் தாராளமாகப் பேசிவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றால் என்ன செய்வது என்று அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒருவர் இறைத்தாலே கிணற்றில் தரை தெரியும். மறுபடி ஊற மறுநாள் ஆகும்.

சித்திரையில் அப்படி வந்த ஒரு நாளில், மோட்டார் கொட்டகை எதிரிலேயே மண்வெட்டியை வீசிக்கொண்டார்கள். அண்ணனுக்கு மண்டையில் தையல். தம்பிக்கு ஒரு ராத்திரி போலீஸ் ஸ்டேஷன். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

"அந்த வூட்டுப் பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை பேசினேன்னு தெரிஞ்சுது, நடக்கிறதே வேற" என்று கஸ்தூரியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"நான் எதுக்குப் பேசறேன்? அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று அவள் முகத்தை வெட்டிக்கொண்டாள். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

போன பன்னிரண்டாம் நாள் அண்ணன் வயல் பக்கமே வரவில்லை. "பயந்துட்டான்" என்று ராஜேந்திரன் டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். இன்றைக்கும் முந்திக்கொண்டால் அந்த நாள் நிரந்தரமாகத் தன்னுடையது. அண்ணன் எதிரில் வந்தால், இந்தத் தடவை ஒரு தையலோடு விடுவதில்லை என்றும் முடிவு பண்ணியிருந்தான்.

இப்போது இந்த வயிறு வந்து குறுக்கே நிற்கிறது.

மண்வெட்டியை விட்டெறிந்தான். பைக்கை உதைத்தான். டவுனுக்குப் போகிற வழியெல்லாம் ஹாரனை அழுத்தின கையை எடுக்கவில்லை.

கிளினிக்கில் கூட்டம். ராஜேந்திரன் உட்கார்ந்தான், எழுந்தான், வாசல் வரை போனான், திரும்பி வந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்தான். ஒன்பதாகிவிட்டது. த்ரீ பேஸ் கரண்ட் வந்திருக்கும். அண்ணன் மோட்டாரைப் போட்டிருப்பான். பௌர்ணமிக்குப் பறிக்க வேண்டிய சாமந்தி, காய்கிற வெயிலில் தலை தொங்கிக்கொண்டிருக்கும்.

"சார், ஒரு எடத்துல உக்காருங்களேன். பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது" என்றாள் நர்ஸ்.

டாக்டர் கஸ்தூரியின் வயிற்றை இங்கே அங்கே அமுக்கிப் பார்த்தார்.

"பெருசா ஒண்ணும் தெரியலயேம்மா. எதுக்கும் ஒரு ஊசி போட்டுக்கங்க."

கஸ்தூரி பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் திரைக்குப் பின்னால் போனாள். ஊசி என்றாலே காத தூரம் ஓடுகிறவள்.

ராஜேந்திரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதே வயிறு போன மாதமும் ஒரு தண்ணீர் நாளில்தான் வலித்தது. அன்றைக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். நடிக்கிறாளா? புருஷன் பாடுபடுகிற பயிர் காய்ந்தால் இவளுக்கு என்ன லாபம்? வீட்டுக்குப் போனதும் இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று பல்லைக் கடித்தான்.

பைக்குள் அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். 'டெய்லர் அக்கா' என்று இருந்தது.

காதில் வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து படபடவென்று பேச்சு வந்தது. அந்தக் குரலை அவனுக்குத் தெரியாதா? அண்ணன் பெண்டாட்டி ராணியம்மாள்.

"கஸ்தூரி, ஊசி போட்டுட்டாங்களாடி? ரொம்ப வலிக்குதா? எனக்குப் போன தபா போட்ட எடம் இன்னும் வீங்கினுதான் கெடக்குது. இங்க ஒரு வம்பும் இல்ல, இவரு தனியாத்தான் தண்ணி கட்டினு இருக்காரு. அடுத்த பன்னெண்டாம் நாளு உன் வூட்டுக்காரரு கட்டட்டும். அன்னிக்கு எனக்கு இடுப்பு வலி."