மீன் பெட்டிக்கு மேலே

"அண்ணே, வந்துடுச்சா?"

விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் முன்பே கேட்டாள் சுமலதா. அவளுடைய ஸ்கேட்டிங் பலகை மட்டும் தனியாக உருண்டு போய், கடற்கரைச் சாலையின் சுவரில் முட்டி நின்றது.

கோபிநாத் கேமராவின் திரையைப் பார்த்தான். விடிகாலை வானம் அழகாக வந்திருந்தது. நடுவில் சுமலதா முகமே தெரியாத நிழலாக இருந்தாள்.

"ஃபிளாஷ் அடிக்கலம்மா. சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கு. ஃபிளாஷ் விழுந்தாத்தான் முகம் தெரியும், அந்தரத்துல அப்படியே நிப்பே. இன்னொரு தடவை குதி."

சொல்லிவிட்டு மனைவியை முறைத்தான். நீளக் கம்பியில் மாட்டிய ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள் துர்கா. உதவியாள் லீவு போட்டதால் வந்த வினை.

"ஒரு வேலை குடுத்தேன். ஒழுங்காப் புடிச்சியா?"

"புடிச்சிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

கோபிநாத்துக்குக் கல்யாண போட்டோதான் தொழில். தாலி கட்டப் போகும் மாப்பிள்ளையையே 'அப்படியே நில்லுங்க' என்று நிறுத்தி வைக்கிற ஆள். பறப்பவளை எப்படி நிறுத்துவது? ஃபிளாஷை நம்பித்தான் ஒத்துக்கொண்டான்.

சுமலதா பக்கத்து வீட்டுப் பெண். வைத்திக்குப்பம் மீனவர்களிடம் கேட்டு வாங்கி வந்த மீன் பெட்டியை அவள் பலகையோடு தாண்டி, பலகை மேலேயே வந்து நிற்க வேண்டும். மூன்று மாதமாகக் குதிக்கிறாள். ஒரு நாளும் நின்றதில்லை.

"நிக்கலைன்னா போவுதுண்ணே. மேல இருக்கும்போது எடுத்துடுங்க. விழுந்தது போட்டோல தெரியாதுல்ல? ஸ்டேட்டஸ்ல போட்டுட்டு, இன்னியோட பலகையைப் பரண்ல ஏத்திடப் போறேன். எனக்கு இது வராது."

"தெரியவே தெரியாது! எங்க ஹால்ல பாத்திருக்கியே, காலேஜ்ல இவ எம்பி வாலிபால் அடிக்கிற போட்டோ? நான் எடுத்ததுதான். அதைப் பாத்துத்தான் எனக்குக் கழுத்தை நீட்டினா. அதே மாதிரி எடுத்துத் தரேன்."

துர்கா கம்பியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது முறை, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே எம்பிய சுமலதா பொத்தென்று விழுந்தாள். ஃபிளாஷ் அடிக்கவில்லை. கோபிநாத் ஓடிவந்து பொத்தானை அமுக்கிப் பார்த்தான். பளிச்சென்று அடித்தது. திரும்பிப் போய்க் கேமராவில் கண்ணை வைத்தால் மறுபடி அடம் பிடித்தது. சுமலதா மறுபடி விழுந்தாள்.

"உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!" என்று துர்காவிடம் எரிந்து விழுந்தான்.

சுமலதாவின் முழங்கை சிராய்த்திருந்தது. பலகையைப் பொறுக்கி எடுத்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போட்டோவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஒரு மீன் பொட்டி என்னை இந்தப் பாடு படுத்துதா? இன்னிக்கு ஒரு கை பாத்துடறேன்!"

துர்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பியை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

சுமலதா வேகமாக வந்தாள். இந்தமுறை அவள் கண் கேமரா பக்கமே போகவில்லை, பெட்டியிலேயே இருந்தது. எம்பினாள். பளீர்! அடுத்த நொடி நாலு சக்கரமும் ஒன்றாகத் தரையில் இறங்கின. பலகை மேல் நின்றபடியே போய்க்கொண்டிருந்தாள். நடக்க வந்தவர்கள் நின்று கை தட்டினார்கள்.

போட்டோவைப் பார்க்கக்கூட அவள் வரவில்லை. "நின்னுட்டேன்க்கா!" என்று கத்திக்கொண்டே வந்து துர்காவைக் கட்டிக்கொண்டாள். "நாளைக்கு ரெண்டு பொட்டி வைக்கப் போறேன்!" என்றவள், மறுபடியும் குதிக்க ஓடினாள்.

கோபிநாத் படத்தைப் பார்த்தான். முகம், பல்லைக் கடித்த வேகம், காற்றில் நின்ற சக்கரம் எல்லாம் துல்லியம். மனசு நிறைந்துபோனது.

"ஆனாலும் இந்த ஃபிளாஷை வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாக்கணும்."

"பிரிக்காதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. நீங்க வந்து பாக்கும்போது மட்டும் போட்டுட்டு, மத்த நேரம் நான்தான் சுவிட்சை அணைச்சு வச்சிருந்தேன்."

"எதுக்குடி?"

"போட்டோ கெடச்சா பலகையைப் பரண்ல ஏத்திடுவேன்னு வரும்போதே எங்கிட்ட சொன்னா. கெடச்சிருந்தா முதல் தடவையோட விட்டிருப்பா," என்றாள் துர்கா, குதிப்பவளைப் பார்த்துச் சிரித்தபடி. "நம்ம ஹால்ல மாட்டி வச்சிருக்கீங்களே, அதுல நான் அடிச்ச பந்து நெட்டைத் தாண்டவே இல்லீங்க. போட்டோ சூப்பர்னு எல்லாரும் சொன்னாங்க, அதோட நான் கோர்ட்டுப் பக்கமே போவல."