அக்காவுக்குக் காய்ச்சல்

அம்மா மல்லிகைப் பந்தை இரண்டாக அறுத்தாள்.

ஒரு பாதியை மூத்த மகளின் மார்பில் வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு.

மறு பாதி தங்கை சுபாவின் தலைக்கு.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையசைத்தாள். வலித்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை என்றார்கள். போன வாரம் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் இரண்டு. இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை.

பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டில் இருக்கும் ஃபோலேட் என்ற சத்தை உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற ஜீனில் குறை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "இருக்கலாம். கூடப் பொறந்தவங்க இருந்தா பார்த்துக்கறது நல்லது. கல்யாணத்துக்கு முன்னாடியே மாத்திரை ஆரம்பிச்சுடலாம்."

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஒரே ஒருமுறைதான் பேசினாள்.

"சுபாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத. பூ வச்சு முடியட்டும்."

இன்று மாப்பிள்ளை வீட்டார் சுபாவுக்குப் பூ வைக்க வருகிறார்கள்.

கணவன் திருப்பூருக்கு வேலைக்குத் திரும்பியிருந்தான். காலையில் போன் செய்தான். சாப்பிட்டியா என்றான். சாப்பிட்டேன் என்றாள். போனை வைத்துவிட்டார்கள்.

"நீ உள்ளயே படுத்துக்கம்மா," என்றாள் அம்மா. குரலில் கடுமை இல்லை. தாம்பாளத்துக்கு முன்னால் அவள் நிற்கக் கூடாது என்பதைச் சொல்ல அம்மாவுக்கும் வாய் வரவில்லை.

சுபா புடவை மடிப்புக்கு ஊக்குக் குத்திவிடச் சொல்லி வந்தாள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே மடிப்பை எடுத்தாள். நன்றாக வந்தது. ஊக்கைக் குத்தினாள். பிறகு சொன்னாள். டாக்டர் சொன்னதையெல்லாம், சொன்ன வரிசையிலேயே. பக்கத்து வீட்டு விஷயம் போல.

சுபா கையிலிருந்த வளையலைப் போட மறந்து நின்றாள்.

"எனக்கும் இருக்குமாக்கா?"

"இருக்கலாம். பார்த்தாத்தான் தெரியும்."

"மாத்திரை போட்டா?"

"நிறையப் பேருக்கு நல்லாத்தான் பொறக்குதாம்."

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். அம்மா சுபாவைக் கூப்பிட்டாள்.

அவள் படுத்துக்கொண்டாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஜமுக்காளத்தை இழுத்துப் போட்டார்கள். வாங்க, வாங்க. காபி டம்ளர்கள். யாரோ வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

"பெரியவளை எங்க காணோம்?" மாப்பிள்ளையின் அம்மா வளர்மதியின் குரல்.

"அவளுக்குக் காய்ச்சல், சம்பந்தி. படுத்திருக்கா."

"அப்படியா. விசேஷம் ஏதும்..."

"இன்னும் இல்ல," என்றாள் அம்மா.

அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் இறக்கையில் ஒட்டடை கூடவே சுற்றியது.

இன்னும் இல்லை.

கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. காத்திருந்தாள். வரவில்லை.

"அக்காவுக்குக் காய்ச்சல் இல்ல, அத்தை."

சுபாவின் குரல்.

"சுபா!"

"இரும்மா. அக்காவுக்குப் போன வாரம் குழந்தை போயிடுச்சு, அத்தை. ரத்தத்துல ஏதோ குறையாம். எனக்கும் இருக்கலாமாம். தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பூ வைங்க."



ஒரு ஆண் தொண்டையைச் செருமினார். அம்மா எதையோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டாள். யாரோ எழுந்தார்கள். மெட்டிச் சத்தம்.

வாசல் பக்கம் போகும் என்று நினைத்தாள். உள்ளே வந்தது.

வளர்மதி அறைக்குள் நுழைந்து நின்றார். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, வியர்த்த முகம். அவள் எழப் பார்த்தாள். கையால் அமர்த்தினார். அவருடைய பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, ரவிக்கையில் இருந்த ஈரத்தில் நின்றது.

சம்பந்தம் பேச வந்தவரின் முகமா, வேறு முகமா, அவளுக்குத் தெரியவில்லை.

"எத்தனை மாசம்மா?"

அதை இந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. உடம்பைப் பார்த்துக்கோ என்றார்கள். போனது போகட்டும் என்றார்கள்.

அவள் வாயைத் திறந்தாள்.

"மூணு பேரு," என்றாள்.

வளர்மதி திரும்பிக் கதவைச் சாத்தினார்.

பிறகு கட்டிலின் ஓரத்தில், அவள் கால்மாட்டில், உட்கார்ந்தார்.