ஆறு முடிப் பைகள்

மிச்சிகனில் மான் வேட்டை தொடங்க இரண்டு நாள் இருந்தது. காட்டோரத் துண்டு நிலத்தில் கட்டியிருந்த முடிப் பைகளை அவிழ்க்க ஜோயலும் அவன் மச்சான் ஆர்னியும் போனார்கள். மான்களை இழுக்கத்தான் அங்கே ஜோயல் டர்னிப் கீரை விதைத்திருந்தான். ஆனால் தளிரிலேயே மேய்ந்துவிடக் கூடாது. மனித வாடைக்கு அவை அண்டாதென்று, பழைய காலுறைகளில் முடியை அடைத்து வேலியெங்கும் தொங்கவிட்டிருந்தான்.

"எந்த சலூன்ல அள்ளின, மாப்ள?"

"டவுன்லதான்."

அது ஜோயலின் மனைவி கைசாவின் முடி. ஜூலையில் புற்றுநோய் மருந்துக்கு உதிர்ந்ததை அவள் தலையணை உறையில் சேர்த்து வைத்திருந்தாள். ஜோயல் கேட்காமல் எடுத்துக்கொண்டான். சவப்பெட்டியில் தன்னோடு வைக்க வேண்டுமென்று ஆகஸ்டில் அவள் தேடியபோது, உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"தெரியாம குப்பையில போட்டுட்டேன்."

"சரி, விடு," என்றாள் அவள். செப்டம்பரில் அவளைக் கம்பளித் தொப்பியோடு அடக்கம் செய்தார்கள்.

ஆர்னி முதல் பையின் முடிச்சைக் கத்தியால் அறுத்தான். ஜோயல் கொத்துக் கொத்தாகத் திணித்த முடி, இப்போது சீவிப் பின்னியிருந்தது.

"உன் சலூன்காரி பொறுமைசாலிடா! கூட்டின முடியப் பின்னிக் குடுத்திருக்கா."

அடுத்த நான்கு பைகளிலும் பின்னல்கள்தான். முடிச்சுகள் ஜோயல் போட்டபடியே இருந்தன. ஆர்னியின் சிரிப்பு நின்றது.

"நம்ம கைசா முடி நிறம்ல இது?"

"எத்தனையோ பேருக்கு இந்த நிறம் இருக்கு," என்றான் ஜோயல், தரையைப் பார்த்தபடி.

ஆறாவதை அவனே பிரித்தான். சுற்றிலும் கீரை உறைபனியில் விறைத்திருந்தது. அந்தப் பின்னல் மட்டும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் தலைக்குக் குளித்ததுபோல.