பிணைக்குழந்தை

ஆற்று நீர் ஒப்பந்தம் கையெழுத்தான அன்று ஊரே வெடி போட்டுக் கொண்டாடியது. ஒப்பந்தப்படி மேல்மாநில முதல்வரின் மகள் இனி இந்தக் கடைமடையில்தான் வளர வேண்டும். ஊர் குடிப்பதைத்தான் அவளும் குடிக்க வேண்டும். பெற்ற பிள்ளை தவித்தால் எந்த அப்பன்தான் அணையைத் திறக்க மாட்டான்?

அப்படித்தான் ஐந்து வயது சான்வி மகிழினியின் வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே "அத்தை, அத்தை" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கோடையில் அணை திறக்கவில்லை. வீட்டில் மிஞ்சியது ஒரே டம்ளர் தண்ணீர். தன் கைக்குழந்தைக்குப் பாதி, சான்விக்குப் பாதி என்றுதான் மகிழினி அதைக் கையில் எடுத்தாள்.

டிவியில் தேர்தல் கூட்டம். முதல்வர் முழங்கினார்: "என் மகள் அங்கே தவிக்கிறாள். தவிக்கட்டும்! உங்கள் தண்ணீரில் ஒரு சொட்டுகூட அவர்களுக்கு விட மாட்டேன்!"

கூட்டம் விசிலடித்து ஆர்ப்பரித்தது.

"அத்தை, அப்பா என்னைத்தான் சொல்றாரு! எல்லாரும் கை தட்டுறாங்க!" வெடித்த உதடுகளோடு சான்வியும் கை தட்டினாள்.

இனி அணை திறக்காது என்று மகிழினிக்குப் புரிந்துபோயிற்று.

"அத்தை, தண்ணி?"

"உங்கப்பா அனுப்புவாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, டம்ளர் முழுவதையும் தன் குழந்தையின் வாயில் சாய்த்தாள்.