கூட்டம் மறைந்த படம்

பீளமேடு ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தேஜஸ்ரீ, பக்கத்து சீட் சபரீஷின் சி மொழி புரோகிராமை எட்டிப் பார்த்தாள்.

“வீடியோவுல வர்ற படங்களை வரிசை வரிசையா, பிக்சல் பிக்சலாக் கூட்டி வகுத்துச் சராசரி எடுக்கறீங்க, சரி. அத்தனை பெரிய கூட்டுத்தொகையை 255 வரைக்குமே கொள்ளற ஒரு பைட்டுக்குள்ள அடைச்சா படம் சிதறத்தானுங்க செய்யும்? பெரிய எண் கொள்ளற இன்ட்ல கூட்டுங்க.”

சபரீஷ் திருத்தினார். “குறுக்க நடக்கறவங்க மறைஞ்சிருவாங்களா?”

“அசையறதெல்லாம் கரைஞ்சிருங்க. அசையாததுதான் நிக்கும். யாரு படம் வேணும்?”

“எம்பொண்ணு வர்ஷினி. அஞ்சு வயசு. சும்மா நிக்கவே மாட்டா. ஒரு போட்டோகூடத் தெளிவா இல்லீங்க.”

தேஜஸ்ரீ சிரித்தாள். “அப்ப அம்மணியும் கரைஞ்சிருவாங்களே!”

“இதுல அசையலீங்க” என்றபடி சபரீஷ் புரோகிராமை ஓட்டினார்.

திரையில் கூட்டம் காணாமல் போயிருந்தது. பட்டுப்பாவாடையும் தலை நிறைய மல்லிகையுமாக வர்ஷினி மட்டும் துல்லியமாகத் தெரிந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள்.