ஸ்பேர் மூச்சு

“கட்டின பொண்டாட்டி கைக்கு எட்டாம, கழுத்துல மாட்டிக்கிட்டா என்னங்க அர்த்தம்?”

மூன்றாவது தடவையாகக் கேட்டாள். வார்த்தை மாறவில்லை. குரல்தான் தடவைக்கு ஒரு படி ஏறியது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள், வேறு வேலை இல்லாததால், காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கணவர் முதுகில் காற்று சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி, வாயில் ரெகுலேட்டர். வாயை அடைத்துக்கொள்ள இப்படி ஒரு சாமான் கடையில் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால், கல்யாணமான மறுநாளே வாங்கியிருப்பார்.

ரெகுலேட்டர் என்றால் ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது என்றுதான் அவள் இதுநாள் வரை நினைத்திருந்தாள். இது வேறு. சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக இதற்குக் காற்று வரும். பல்லால் கடித்துக்கொண்டால் தண்ணீருக்கு அடியிலும் மூச்சு விடலாம். ஆளுக்கு இரண்டு. ஒன்று வாயில். மற்றது ஸ்பேர். கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்துபோனால் உதவ.

அவளுடைய மஞ்சள் ஸ்பேர் முழங்கால் வரை தொங்கி ஊஞ்சல் ஆடியது. அவருடையதோ ஒரு ரப்பர் வளையத்தில், அவர் தாடைக்கு அடியிலேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

“ஏம்மா கோச், நீயே சொல்லு. இத்தனை வருஷமா இவர் கடலுக்குள்ள போய் மீன் பார்ப்பார். நான் கரையில உட்கார்ந்து இவர் செருப்பைப் பார்ப்பேன். இந்தத் தடவை நானும் இறங்கறேன்னு சொன்னா, என் மூச்சைத் தூக்கித் தன் கழுத்துல மாட்டிக்கிறாரே!”

மகள் வயதிருக்கும் கோச்சுக்கு. “மேடம், இன்னிக்குக் குளத்துல காற்று கொடுக்கவும் வாங்கவும் கத்துக்கணும். அது சரியா வந்தாதான் நாளைக்குப் படகு. வரலேன்னா கரைதான். முதல்ல உங்க ஸ்பேரைக் கவனிங்க. தொங்கினா தரையில இழுபட்டு உள்ளே மண்ணு போயிடும். இந்தக் கிளிப்ல நெஞ்சோட சேர்த்து மாட்டுங்க. ஆனா முக்கியமா...”

“மாட்டறேன், மாட்டறேன். இந்தப் பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் நிக்காதும்மா.”

துண்டுப் பையிலிருந்து நாடாவை உருவினாள். கான்வென்டில் கைவேலைக்கு முதல் பரிசு வாங்கிய விரல்கள். முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கு மேல் காவலுக்கு ஒரு முடிச்சு.

“எங்கே, இழுத்துப் பார்க்கலாம்” என்று கோச் கை நீட்டினாள்.

“என்னுது கெட்டியா இருக்கும்மா, அதுல கைவைக்காதே. இவர் கழுத்தைப் பாரு. இவர் காற்று இவருக்கே இருக்கட்டும். எனக்கு வேற ஜோடி போட்டுக் கொடு.”

“முதல்ல இறங்குங்க, மேடம்.”

இறங்கினார்கள். நெஞ்சளவு தண்ணீர். அடியில் மண்டி போட்டு உட்கார்ந்ததும், கோச் அவளுக்கு ஜாடை காட்டினாள்.

காற்று இல்லை என்பதற்குச் சைகை, கழுத்தை அறுப்பது போலக் கையை இழுப்பது. புருஷனைப் பார்த்து, அதுவும் நாலு பேர் சாட்சியாக, இப்படிச் செய்துகாட்ட அனுமதி கிடைப்பது லேசா? அவள் ஆசை தீர ஒரு தடவைக்கு இரண்டு தடவை அறுத்தாள்.

அவர் யோசிக்கவே இல்லை. தன் வாயில் இருந்ததைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் அதைக் கடித்துக்கொண்டு மூச்சு விடும்வரை பார்த்திருந்துவிட்டு, அப்புறம்தான் தலையைக் குனிந்து, கழுத்தில் இருந்ததைத் தன் வாய்க்கு எடுத்துக்கொண்டார்.

அவர் குடித்த தம்ளரைக் கொதிநீரில் கழுவாமல் தொடாதவள் அவள். அவர் எச்சிலைக் கடித்தபடியே மேலே வந்தாள்.

“பார்த்தீங்களா மேடம்? இதுவும் ஒரு முறைதான்” என்றாள் கோச். “வாயில இருக்கறது நிச்சயமா வேலை செய்யுது. அதை உங்களுக்குக் கொடுத்துடறார். வேலை செய்யுதோ இல்லையோன்னு கழுத்துல கிடக்கிற ஸ்பேர் அவருக்கு.”

குளத்தோரத்தில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள்.

“இதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?” என்றாள் கணவரிடம்.

“நீ எங்கே இடம் விட்டே?”

“சரி, இப்போ அவர் சிலிண்டர் காலின்னு வெச்சுக்குவோம். நீங்க கொடுங்க” என்றாள் கோச்.

மறுபடியும் அடியில். அவர் வாயிலிருந்ததைக் கழற்றினார். கழுத்தை அறுத்துக் காட்டினார், ஒரே தடவை, மரியாதையாக. அவள் நெஞ்சிலிருந்த மஞ்சள் ஸ்பேரைப் பிடித்து இழுத்தார்.

அவள் வந்தாள். ஸ்பேர் வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தார். அவள் இன்னும் கிட்டே வந்தாள். விரல் நகத்தால் முடிச்சை நெம்பினாள். நனைந்த நாடா இறுகித்தான் போயிற்று. முதல் பரிசு முடிச்சு ஆயிற்றே! அவர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கடைசியில் விருட்டென்று எழுந்து நின்று, உலகத்துக்கெல்லாம் பொதுவான காற்றை வாய் நிறைய இழுத்துக்கொண்டார்.

அத்தனை நேரமும் அவள் வாயில் ஒன்று நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதைக் கழற்றி நீட்டலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

மேலே வந்தாள். கோச் மெதுவாகச் சொன்னாள். “‘முக்கியமா’ன்னு ஆரம்பிச்சேனே, மேடம். ஒரே இழுப்புல கையோட வரணும்னு சொல்றதுக்குத்தான்.”

கணவர் இருமிக்கொண்டிருந்தார். குளத்தோரத்துக் கண்கள் அத்தனையும் இப்போது அவள் நெஞ்சிலிருந்த முடிச்சின் மேல்.

கரையில் அவர் செருப்பு, ஜோடியாக, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யார்கிட்டயாவது” என்றாள் அவள், எந்தப் படியிலும் ஏறாத குரலில், “ஒரு கத்திரிக்கோல் இருந்தா குடுங்களேன்.”